வாய்மாமன்

ஹரிஹரசுதனுக்கு வாழ்க்கையில் எந்தப் பரீட்சையிலும் உருப்படியான எண் கிடைத்ததில்லை. பத்தாம் வகுப்புக் கணக்கில் முப்பத்தைந்து, அதுவும் வாத்தியார் போட்ட பிச்சை. நிவேதா வீட்டில் மாப்பிள்ளை பார்த்தபோதுகூட அவருக்கு நான்காவது இடம்தான். முன்னால் இருந்த மூன்று பேரும் ஒவ்வொரு காரணம் சொல்லிக் கழன்றுகொண்டதால் அவருக்குக் கல்யாணம் ஆயிற்று. அப்பேர்ப்பட்டவருக்கு ஒரே ஒரு தேர்வில் ஊரே வாயைப் பிளக்கும்படி எண் வந்தது. அதற்காக அவர் படிக்கவில்லை, கண்விழிக்கவில்லை. சின்னக் குப்பியில் எச்சில் துப்பினார், அவ்வளவுதான்.

எண் மூன்று. இந்தத் தேர்வில் எண் குறையக் குறையத்தான் பெருமை.

அரசாங்கம் அப்போதுதான் ஆளுக்கொரு சர்க்கரை எண் கொடுக்க ஆரம்பித்திருந்தது. மனிதனின் மரபணுக்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னச் சின்ன வேறுபாடுகள் இருக்கின்றனவாம். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுக்கும் ஆகாதவை. ஆயிரக்கணக்கில் கூடினால் ஒருவருக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பை ஏற்றவும் செய்யும், இறக்கவும் செய்யும். அத்தனையையும் கூட்டிக் கழித்து நூறுக்குள் ஒரு எண்ணாக்கிக் கையில் கொடுத்துவிட்டார்கள். இருபதுக்குக் கீழே இருந்தால் இனிப்பு வாங்கலாம். அதற்கு மேலே போனால் கடையில் இனிப்புப் பெட்டிமேல் கட்டைவிரலை வைத்ததும், “வணக்கம், உங்கள் நலனே எங்கள் நலன்” என்று ஒரு பெண்குரல் கொஞ்சும். பெட்டி மட்டும் திறக்காது. மதுரையில் முக்கால்வாசிப் பேருக்குப் பெட்டி திறக்கவில்லை.

சட்டம் போட்டவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். நம் ஊரில் சம்பந்தம் பேசப் போனவர்கள், பேச்சு முடியும்வரை அந்த வீட்டில் பச்சைத்தண்ணீர் குடிக்கமாட்டார்கள். முடிந்துவிட்டால் இனிப்பை வாயில் போட்டுக் கை நனைப்பார்கள். கை நனைக்காமல் எழுந்து போனால் சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம், வாயைத் திறந்து சொல்ல வேண்டியதே இல்லை. இப்போது இரண்டு வீட்டிலும் எழுபதும் எண்பதுமாக உட்கார்ந்திருந்தால் லட்டுவை யார் தின்பது? கொஞ்ச நாள் சுண்டலை வைத்துச் சமாளித்துப் பார்த்தார்கள். சுண்டலில் நிச்சயமான கல்யாணம் ஒன்று முறிந்ததும் அதற்கும் கெட்டபெயர் வந்துவிட்டது. கடைசியில் சனங்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சொந்தத்தில் குறைந்த எண்காரர் ஒருவரைக் கூப்பிட்டு, வீட்டார் எல்லோருக்கும் பதிலாக அவரைத் தின்னவைத்தார்கள். அவருக்கு வாய்மாமன் என்று பெயரும் வைத்தார்கள். தாய்மாமன் இல்லாவிட்டால் காதுகுத்துதான் நிற்கும். வாய்மாமன் இல்லாவிட்டால் எதுவுமே நடக்காது என்று ஆகிவிட்டது.

அதுவரை சுதனை யாரும் எதற்கும் கூப்பிட்டதில்லை. மேலமாசி வீதியில் மிக்ஸியும் மின்விசிறியும் பழுதுபார்க்கிற கடைக்காரர். விசேஷ வீடுகளில் மைக் செட் இரைந்தால் மட்டும் தேடுவார்கள். எண் வந்த பிறகு பெரியப்பா வீட்டிலிருந்து கார் வந்தது. பேசாதிருந்த பங்காளி பழம் பாக்கோடு வந்து நின்றார். வளைகாப்பு, சடங்கு, புதுமனை எதுவானாலும் முன்வரிசை நாற்காலி, மாலை, பொன்னாடை. அவர் வாயில் ஜிலேபி நுழைகிற கணத்தை முப்பது பேர் வாய் ஊறப் படம் எடுத்தார்கள். சுதனுக்குத் தலைகால் புரியவில்லை. “நம்ம உடம்பு வேற உடம்புய்யா” என்று கடையில் மிக்ஸி கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். தன் உடம்பை ஏதோ தானே பட்டறையில் உட்கார்ந்து செய்த மாதிரி சொன்னார். இருபது வருஷம் இப்படியே ஓடியது.

வீட்டில் நிலைமை வேறு. நிவேதாவுக்கு எண்பத்தெட்டு. ஒரே மகள் செம்மலருக்கு எண்பத்திரண்டு. அப்பன் பாதி, ஆத்தாள் பாதி என்று சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்டதில், மகளுக்கு அப்பன் பக்கத்து நல்ல சீட்டு ஒன்றுகூட விழவில்லை. அந்தப் பெண் நினைவு தெரிந்த நாளிலிருந்து இனிப்பைத் தொட்டதில்லை. பிறந்தநாளுக்குக்கூட இட்லியில் மெழுகுவர்த்தி குத்தித்தான் ஊதினாள். அப்போதெல்லாம் சுதன், “ஒனக்கும் சேத்து அப்பா சாப்பிட்டுட்டு வாரேன்த்தா” என்று சொல்லிவிட்டு விசேஷத்துக்குக் கிளம்புவார். அதை ஆறுதல் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

செம்மலர் தன்னோடு வேலை பார்க்கிற வேலவனை விரும்பினாள். பையனுக்கு அறுபத்தொன்று. அவன் அம்மா சங்கமித்ரா, “எம்பத்திரண்டா!” என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அப்பாவுக்கு மூன்று என்று தெரிந்ததும் கையை எடுத்தார். “பொண்ணுக்குக் கூடத்தான். ஆனா சம்பந்தி மூணாச்சே. பேரப்புள்ளைக்கு எப்படியும் அந்த ரத்தம் வந்து சேரும்” என்று சம்மதித்தார். ஆக, வாழ்க்கையில் முதல்முறையாகச் சுதனால் மகளுக்கு ஒரு காரியம் ஆனது. நிச்சயதார்த்தத்துக்கு ஞாயிற்றுக்கிழமை குறித்தார்கள்.

வியாழக்கிழமை அவர் காலில் இருந்த புண்ணைக் காட்டப் போனார். ஆனி மாதம் ஒரு விசேஷத்துக்குப் போட்டுப்போன புதுச்செருப்பு கடித்த இடம். ஐப்பசி வந்தும் ஆறவில்லை. அண்ணாநகர் டாக்டர் ரிஸ்வானா புண்ணைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார், கணினியில் எதையோ தட்டினார்.

“விடமாட்டேங்குது சார். இந்த எண்ணுக்கு சுகர் டெஸ்ட் தேவையில்லைன்னு பூட்டிருக்கு.”

“பின்ன? எனக்கு எதுக்கு டாக்டர் அதெல்லாம்? வெளிய எழுவது எம்பதுன்னு உக்காந்திருக்காங்க, பாவம். அவங்களப் பாருங்க” என்றார் சுதன் பெருந்தன்மையாக.

டாக்டர் தன் கைப்பையிலிருந்து சின்ன மீட்டர் ஒன்றை எடுத்தார்.

“இது என்னது?”

“எங்க வீட்டுப் பூனைக்கு சுகர். அதுக்கு வச்சிருக்கேன். பூனைக்கு இன்னும் எண் குடுக்கல, அதனால இத யாரும் பூட்டல. விரல நீட்டுங்க.”

சுதன் சிரித்துக்கொண்டே நீட்டினார். மீட்டர் நானூற்றுப் பன்னிரண்டு காட்டியது. அவர் சிரிப்பை உடனே நிறுத்தவில்லை. பூனைக்கு எவ்வளவு இருக்கவேண்டும் என்று அவருக்குத் தெரியாது.

“பூனை மீட்டரு மனுசனுக்குத் தப்பாக் காட்டும்ல டாக்டர்?”

“கொஞ்சம் முன்னபின்ன காட்டும். நானூறு நூறாயிடாது.”

“டாக்டர், நான் மூணு.”

“மூணுன்னா என்ன அர்த்தம் சார்?”

“வராதுன்னு அர்த்தம்.”

“ஒங்கள மாதிரி நூறு பேர நிறுத்தி வச்சா அதுல மூணு பேருக்கு வரும்னு அர்த்தம். அந்த மூணு பேரு யாருன்னு எண்ணுக்குத் தெரியாது. அந்தக் கணக்குலயும் பாதி, வெளிநாட்டுக்காரங்க எச்சில வச்சுப் போட்டது. நம்ம உடம்புக்கு எம்புட்டுப் பொருந்தும்னு இன்னும் சண்டை போட்டுக்கிட்டிருக்காங்க.”

முதல் மூன்று பேருக்குள் வரவேண்டும் என்று வாழ்நாளெல்லாம் ஆசைப்பட்டவர் சுதன். வந்துவிட்டார்.

“ஆனா எங்க வம்சத்துல யாருக்கும் கிடையாதே டாக்டர்.”

“ஒங்களுக்குக் கெடைச்சது ஈர வெறகு சார். லேசுல பத்தாது. அதுக்காக இருவது வருசமா சீமெண்ணெய ஊத்திக்கிட்டே இருந்தா? ஊர்ல ஒருத்தர் விடாம அவங்கவங்க பங்கையும் சேத்து ஒங்க மேல ஊத்திருக்காங்க. எம்பத்தெட்டு இருக்கிற ஒங்க சம்சாரத்துக்கு ஒண்ணுமில்ல. ஏன்? அவங்க வெறகு காஞ்சதுதான், ஆனா பக்கத்துல நெருப்பு வரல.”

மருந்துக்கடையிலும் கட்டைவிரல் வைக்கவேண்டும், மூன்றாம் எண்ணுக்குச் சர்க்கரை மாத்திரை கொடுக்காது என்று டாக்டர் சொன்னார். மேலிடத்துக்கு எழுதி விலக்கு வாங்கும்வரை, நிவேதாவுக்கு முன்னெச்சரிக்கையாக அரசாங்கம் கொடுக்கிற மாத்திரையில் தான் சொல்கிற அளவை எடுத்துக்கொள்ளச் சொன்னார். “இனிப்பக் கண்ணால பாக்கக்கூடாது. இந்தப் புண்ணோட இன்னொரு விசேஷத்துல உக்காந்தீங்கன்னா விரல எடுக்க வேண்டிவரும்.”

“வெரலயா?” சுதன் தன் கட்டைவிரலை மூடிக்கொண்டார்.

“கால் விரல் சார். கை விரல் அப்படியேதான் இருக்கும். பெட்டியெல்லாம் நல்லாத் தொறக்கும், பயப்படாதீங்க.”

வீட்டுக்கு வந்து மாத்திரை டப்பாவைத் திறந்தபோது நிவேதா பின்னால் நின்றாள். மறைக்கிற கெட்டிக்காரத்தனம் அவருக்கு எந்நாளும் கிடையாது. எல்லாவற்றையும் சொன்னார். நிவேதா முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முக்காலியில் உட்கார்ந்தாள். பிறகு அழுதாள்.

“இருவது வருசமா வந்துரும் வந்துரும்னு பயந்து, காலையில மூணு மைல் நடந்து, கம்பங்களியத் தின்னுக்கிட்டிருக்கேன். எம்பொண்ணு பாயசத்த மோந்து பாத்தே வளந்துச்சு. நீங்க பொன்னாடையப் போத்திக்கிட்டு வாயில வாங்கிட்டு வந்தீங்களாக்கும்.”

சுதன் மாத்திரை டப்பாவை மூடினார். “சங்கமித்ரா அம்மாகிட்ட சொல்லிருவோமா?” என்று மட்டும் கேட்டார்.

“சொன்னா புள்ள கல்யாணம் நிக்கும். சொல்லாட்டி ஒங்க காலு போகும். எதையின்னு நான் சொல்ல?” என்று அவள் உள்ளே போய்விட்டாள். ஆனால் ராத்திரி தட்டில் மாத்திரையை எடுத்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஊமச்சிகுளம் பக்கத்து மண்டபத்தில் கூட்டம் நிரம்பி வழிந்தது. சுதன் கட்டைவிரலை வைத்து ஏற்கெனவே வாங்கிக்கொடுத்திருந்த இனிப்புகளை மாப்பிள்ளை வீட்டார் இருபத்தொரு சீர்த்தட்டில் கொண்டுவந்து பரப்பியிருந்தார்கள். தட்டுக்கு ஒரு இனிப்பு, ஒவ்வொன்றிலும் ஒன்றை எடுத்து வாய்மாமன் சாப்பிட்டு முடித்ததும் தட்டு மாற்றவேண்டும். லட்டு, அதிரசம், பால்கோவா, பாதுஷா என்று வரிசையாக உட்கார்ந்து சுதனையே பார்த்தன. சுதன் ஒரு திட்டத்தோடு வந்திருந்தார். பாதியை மெல்லுகிற மாதிரி நடித்துத் துண்டில் துப்பிவிடுவது. அந்தத் திட்டம் மண்டபத்துக்குள் நுழைந்ததும் செத்தது. அவர் வாய்க்கு நேராக மூன்று கேமரா வைத்திருந்தார்கள், பின்னால் பெரிய திரை வேறு.

போகட்டும், ஒரு விரல்தானே, பத்தில் ஒன்று என்று மனதைத் தேற்றிக்கொண்டு முதல் லட்டுவைக் கையில் எடுத்தார். சங்கமித்ரா மைக்கைப் பிடித்தார். “எங்க பக்கம் வாய்மாமன் யாரும் கெடையாது. எங்களுக்கும் சேத்து அண்ணன்தான் சாப்பிடணும். இனிமே எங்க வம்சத்துல சர்க்கரைங்கிற பேச்சே வராது. அண்ணன் ரத்தம் வருதுல்ல!” என்றதும் மண்டபமே கைதட்டியது. மேடையில் செம்மலரும் தட்டினாள். அவள் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்ததும் சுதனுக்கு லட்டு கையில் கனத்தது. பொய்யை மாலை போட்டு உட்காரவைத்து அதன் மேல் பிள்ளையின் குடித்தனத்தைக் கட்டுகிறோமே என்று நினைத்தார். தைரியசாலி என்று அவரை யாரும் சொன்னதில்லை. ஆனாலும் லட்டுவைத் தட்டிலேயே வைத்தார்.

“எனக்குச் சர்க்கரை இருக்கு” என்றார். மைக் பக்கத்தில் இருந்ததால் நாலாப்பக்கமும் கேட்டது.

மண்டபம் குலுங்கிச் சிரித்தது.

“மூணுக்குச் சர்க்கரையாம்!” என்று யாரோ கத்தினார்கள். சங்கமித்ராவும் சிரித்தார். சுதன் கையைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றதும்தான் அவருக்கு முகம் மாறியது. வாய்மாமன் இனிப்பைக் கீழே வைக்கிறார் என்றால் பெண் வீட்டாருக்கு ஏதோ மனத்தாங்கல். நிவேதாவின் தம்பி பிரசன்னா ஓடிவந்தான்.

“மாமா, என்ன கொறை? மொத மாலைய மாப்பிள்ளையோட சித்தப்பாவுக்குப் போட்டாய்ங்களே, அதானே?”

“மாலையுமில்ல ஒண்ணுமில்லடா. நெசமாவே சர்க்கரை.”

“கேட்டுக்கங்கய்யா, மாலைதான் வருத்தமாம்!” என்று பிரசன்னா திரும்பிச் சொன்னான். சித்தப்பா தன் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றிக்கொண்டு பதறி வந்தார். அதுவும் சுதன் கழுத்தில் விழுந்தது. இரண்டு மாலைக்கு நடுவே மூச்சு முட்ட, “டாக்டரு பாத்துச் சொன்னாங்கய்யா, நானூத்திப் பன்னெண்டு!” என்று கத்தினார்.

“மூணுக்குத்தான் டெஸ்ட்டே எடுக்கமாட்டாங்களே. எதுல பாத்தாங்க?”

சுதனுக்குப் பொய் வரவில்லை. “பூனை மீட்டருல” என்றார்.

அதற்குப் பிறகு அவர் சொன்னது யார் காதிலும் விழவில்லை. சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. சமையற்காரர்கள் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார்கள். உடம்பைக் காட்டினாலும் நம்பமாட்டார்கள், எண்ணைத்தான் நம்புவார்கள் என்று சுதனுக்குப் புரிந்தது. அவர்கள்மேல் குற்றம் சொல்லவும் முடியாது. இத்தனை நாள் ஊரெல்லாம் நம்பவைத்ததே அவர்தான். சங்கமித்ரா இப்போது சிரிக்கவில்லை.

“அண்ணே, வெளையாட்டு போதும். இஷ்டமில்லன்னா சொல்லிருங்க. நாங்க தட்ட எடுத்துக்கிட்டுக் கெளம்புறோம்.”

மேடையில் செம்மலர் எழுந்து நின்றிருந்தாள். அப்பாவின் முகத்தை அவள் இருபத்து நான்கு வருஷமாகப் பார்க்கிறாள். அது பொய் சொல்லத் தெரியாத முகம் என்று அந்தக் கூட்டத்தில் நிவேதாவுக்கு அடுத்தபடியாக அவளுக்குத்தான் தெரியும். அவள் கண் கீழே இறங்கி, செருப்பில்லாத காலில் இருந்த மருந்துக்கட்டின் மேல் நின்றது. சுதன் தட்டை நோக்கிக் கையை நீட்டினார். சொல்லியாயிற்று, நம்பவில்லை, இனித் தின்றுதான் தீரவேண்டும்.

அவர் கை போவதற்குள் செம்மலர் வந்து அந்த லட்டுவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

எண்பத்திரண்டாம் எண் லட்டு தின்பதை அங்கே யாரும் பார்த்ததில்லை. பெரிய திரையில் அவள் கன்னம் உப்பிக்கொண்டு அசைந்தது. “அடியேய்!” என்று நிவேதா கூவினாள். யாரோ ஆம்புலன்சைக் கூப்பிடச் சொன்னார்கள். செம்மலர் நிதானமாக மென்று விழுங்கினாள்.

“அப்பா எனக்கும் சேத்து ரொம்ப நாள் சாப்பிட்டுட்டாங்க. இன்னைக்கு அவங்களுக்கு நான் சாப்பிடுறேன் அத்தே. ஒரு லட்டுல யாரும் சாகமாட்டாங்க. அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கு. அத வச்சு வேணாம்னா இப்பவே சொல்லிருங்க.”

சங்கமித்ரா வாயைத் திறப்பதற்குள் வேலவன் மேடையிலிருந்து இறங்கி வந்து அதே தட்டில் இன்னொரு லட்டுவை எடுத்தான். அறுபத்தொன்றும் லட்டு தின்றது. அப்போது மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், காலையிலிருந்து பசியோடு உட்கார்ந்திருந்தவர், எழுந்து சொன்னார்: “பொண்ணும் மாப்ளையுமே கை நனைச்சாச்சு. இதுக்கு மேல என்ன வேணும்? தட்ட மாத்துங்கப்பா, எலையப் போடுங்க.”

தட்டு மாறியது. சங்கமித்ராவுக்குச் சுதன் பேச்சில் கடைசிவரை நம்பிக்கை வரவில்லை. பக்கத்திலிருந்தவரிடம், “சம்பந்தி என்னமா நாடகம் போட்டுப் புள்ளைகளையே சாப்பிட வச்சுட்டாரு பாத்தீங்களா. கெட்டிக்காரரு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். சுதன் போய் மறுபடியும் உண்மையைச் சொன்னார். அந்த அம்மா மறுபடியும் சிரித்தார். வேலவன் மட்டும் பந்திக்குப் போகிற வழியில் குனிந்து, “மாத்திரை போட்டீங்களா மாமா?” என்று கேட்டான். சுதனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவுகிற இடத்தில் செம்மலர் வாயைத் திரும்பத் திரும்பக் கொப்பளித்துக்கொண்டிருந்தாள்.

“எப்படித்தா இருந்துச்சு?” என்று சுதன் ஆசையோடு கேட்டார்.

“உண்மையச் சொல்லவா? ரொம்பத் திகட்டுதுப்பா. தொண்டையெல்லாம் ஒட்டுது. இதுக்கா நான் சின்னப்புள்ளையில அம்புட்டு அழுதேன்? நீங்க எப்படிப்பா இதப்போய்…”

சுதன் குழாயை மூடினார். பிறகு திரும்பவும் திறந்தார். சுற்றிலும் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டார்.

“எனக்கும் இனிப்பு அவ்வளவாப் பிடிக்காதுத்தா. காராச்சேவுதான் பிடிக்கும்.”

செம்மலர் ஈரக்கையோடு அவரையே பார்த்தாள்.

“பிடிக்காமயாப்பா இருவது வருசம் தின்னீங்க?”

“கூப்பிட்டாங்கத்தா” என்றார் சுதன்.